ஜனவரியை விடுங்கள், பிப்ரவரியில் உட்காருங்கள்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கணவர் மதுரைக்காரர், சிங்கப்பூர் நிரந்தரவாசியாகி ஐந்து வருடம். மனைவி சிங்கப்பூரிலேயே பிறந்தவர். இருவருக்கும் வயது முப்பதை ஒட்டி. கணவருக்குச் சம்பளம் மாதம் 5,200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), மனைவிக்கு 4,300. பொங்கோலில் நாலறை வீட்டுக்குச் சாவி கிடைத்து ஒரு வருடமாகிறது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கடன் மூன்று லட்சம், அதுபோக வீட்டைச் சீரமைக்க வாங்கிய ரெனவேஷன் கடன் 20,000 பாக்கி. ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் எக்செல்லில் ஏழெட்டு இலக்கு எழுதுகிறார்கள். மார்ச் வந்தால் அந்தக் கோப்பை யாரும் திறப்பதில்லை. மதுரைக்கு அனுப்பும் பணம் பற்றியும் மனைவி வாங்க நினைக்கும் நகை பற்றியும் பேச்சு எடுத்தாலே சண்டை. வருட இலக்கை எப்படி வைப்பது, எப்படிப் பின்தொடர்வது, எந்தச் செயலி நல்லது என்று கணவர் எழுதிக் கேட்கிறார்.

தம்பி, முதலில் ஜனவரியை விடுங்கள். நம் ஆட்கள் வீட்டில் பணம் போகிற காலமே அக்டோபரிலிருந்து ஜனவரி வரைதான். தீபாவளித் துணி, பலகாரம், பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பணம். டிசம்பர் லீவில் ஊருக்கு டிக்கெட், போனால் வெறுங்கையோடு போகமுடியாது. சொத்து வரிக்கு ஜனவரி 31 கெடு. பொங்கல். டிசம்பரில் தேய்த்த கிரெடிட் கார்டு பில் ஜனவரி நடுவில்தான் வரும். ஆனால் ஜனவரி முதல் தேதி வங்கிக் கணக்கைப் பார்த்தால் வருடக் கடைசியில் கூடுதலாகத் தரும் பதின்மூன்றாம் மாதச் சம்பளம் உள்ளே கிடக்கும், கொழுத்துத் தெரியும். அதைப் பார்த்து எழுதுகிற இலக்கு எப்படி நிற்கும்? நாங்கள் பொங்கல் முடிந்து, கார்டு பில்லும் கட்டி முடித்து, பிப்ரவரி முதல் ஞாயிறு உட்காருகிறோம். எங்கள் கணக்கு வருடம் பிப்ரவரியிலிருந்து ஜனவரி வரை.

இது ஏதோ படித்துத் தெரிந்துகொண்டதில்லை. கணக்குப் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்க்கிறேன், என் வீட்டுக் கணக்கிலேயே கோட்டை விட்டவள். 2009-இல் நானும் என் கணவரும் முதன்முதலில் எழுதிய பட்டியலில் பதினொரு இலக்கு இருந்தது. வருடக் கடைசியில் நிறைவேறியது ஒன்றே ஒன்று, அதுவும் கிரோவில், அதாவது வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பிடிக்கும் ஏற்பாட்டில், தானாகக் கழிந்துபோன ஒன்று. இரண்டு மாதம் கோப்பிக்கடையில் குடித்த தே தாரிக் டீ வரைக்கும் நான் எழுதிவைத்தேன். அவர் பாவம், ஆபீஸில் கிடைக்கும் தூள் கோப்பிக்கு மாறினார். மிச்சமானது மாதம் 40 வெள்ளி. அதே வருடம் டிசம்பரில் ஊருக்குப் போய்வந்ததில் 4,000-க்கு மேல் போனது, அந்தத் தொகை எங்கள் பட்டியலில் எங்குமே இல்லை. வராமல் இருக்கப்போகிற செலவா அது? வருடா வருடம் வருகிற செலவு. அதைத் திடீர்ச் செலவு என்று நினைத்துக்கொண்டதுதான் எங்கள் தப்பு. உங்கள் எக்செல் மார்ச்சில் சாவதற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அதனால் இலக்கு எழுதுமுன் வேறொரு தாள் எடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை, இரண்டுமுறை வருகிற செலவை மட்டும் மாதவாரியாக எழுதுங்கள். உங்கள் கணக்கை நான் போட்டுப் பார்த்தேன். பதின்மூன்று மாதச் சம்பளம், சம்பளக்காரருக்கான சம்பாத்திய நிவாரணம் 1,000, மசேநிதி (மத்திய சேமநிதி, சம்பளத்தில் கட்டாயமாகப் பிடிக்கும் சேமிப்பு) நிவாரணம், இவை தவிர வேறு எந்தக் கழிவும் இல்லை என்று வைத்தால் உங்களுக்கு வருமான வரி சுமார் 1,466 வெள்ளி, மனைவிக்கு சுமார் 810. இருவருக்கும் சேர்த்து 2,280. காப்புறுதிச் சந்தா 3,000, தீபாவளி 1,800, ஊர்ப் பயணம் 5,000, கல்யாணம், கிரகப்பிரவேசம், மொய் எல்லாம் 1,200, ஏர்கான் கழுவுவது, கெட்டுப்போன வாஷிங் மெஷின் வகைக்கு 600 என்று என் ஊகத்தில் போட்டிருக்கிறேன். உங்கள் தொகையைப் போட்டுக்கொள்ளுங்கள். கூட்டினால் 13,880. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் சுமார் 1,160 வெள்ளி.

இந்த 1,160 தனிக் கணக்கில் போகவேண்டும். சேமிப்பு என்று பெயர் வைக்காதீர்கள், அது செலவாகப் போகிற பணம். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ‘வருசச் செலவுக் கணக்கு’. தீபாவளிக்கு அந்தக் கணக்கிலிருந்து எடுக்கும்போது மனசு உறுத்தாது, ஏனென்றால் அதற்கென்றே வைத்தது. வரியை மட்டும் கிரோவில் பன்னிரண்டு தவணையாக்கிக்கொள்ளலாம், உள்நாட்டு வருவாய் ஆணையம் அதற்கு வட்டி வாங்குவதில்லை. முதல் வருடம் இந்தத் தாள் நிச்சயம் தப்பாக இருக்கும். எங்களுக்கு மூன்றாவது வருடம்தான் ஓரளவு ஒத்து வந்தது.

இனி உங்கள் கையில் வருவது. இருவர் சம்பளம் 9,500, அதில் மசேநிதிக்கு உங்கள் பங்கு 20 விழுக்காடு, 1,900. இந்தியச் சமூக அமைப்பான சிண்டாவுக்குச் சம்பளத்தில் பிடிக்கும் சந்தா உங்களுக்கு 9, மனைவிக்கு 7. வங்கிக்கு வருவது 7,584. வருசச் செலவுக்கு 1,160 எடுத்துவையுங்கள். மதுரைக்கு 400, மனைவியின் அம்மாவுக்கு 200. மளிகை, மீன், காய், நகர மன்றக் கட்டணம், மின்சாரம், போன், எம்ஆர்டி ரயில், வெளியே சாப்பாடு எல்லாம் 2,900. ஆளுக்கு 400 கைச்செலவு, அதைப் பற்றி மற்றவர் வாயே திறக்கக்கூடாது. மிச்சம் 2,124. இதில் 2,100-தான் உங்கள் இலக்குகளுக்கான பணம். எக்செல்லில் எழுதிய ஏழெட்டு இலக்கையும் கூட்டிப் பாருங்கள், மாதம் 5,000 கேட்கும். 2,100 இருக்கும் இடத்தில் 5,000 கேட்டால் மார்ச்சிலேயே கைவிடத்தான் தோன்றும். சோம்பலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மூன்று இலக்கு போதும் என்பது என் கருத்து. அவசரகாலப் பணத்துக்கு மாதம் 1,000, வருடக் கடைசியில் 12,000. அரசின் நிதி விழிப்புணர்வுத் திட்டமான மணிசென்ஸ் வழிகாட்டி மூன்று முதல் ஆறு மாதச் செலவு வைத்திருக்கச் சொல்கிறது. வருசச் செலவையும் கைச்செலவையும் விட்டுவிட்டுப் பார்த்தால் கடன் தவணை உட்பட உங்களுக்கு மாதம் 4,100 இல்லாமல் முடியாது. அப்படியென்றால் 12,000 ஏறக்குறைய மூன்று மாதம். இரண்டு பேர் சம்பாதிக்கும் வீட்டுக்கு முதல் வருடம் அது போதும், ஆறு மாதம் அடுத்த வருடம் ஆகட்டும். ரெனவேஷன் கடனுக்கு 600, வருடத்தில் 7,200. மீதி 500 முதலீட்டுக்கோ நகைக்கோ, அந்தச் சண்டையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். 24 வெள்ளி மிஞ்சும், கிடக்கட்டும்.

பதின்மூன்றாம் மாதச் சம்பளத்தை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை, கவனித்தீர்களா? சட்டப்படி அது கட்டாயமில்லை, முதலாளியோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தைப் பொறுத்தது. வந்தால் உங்கள் இருவருக்கும் சேர்த்து 7,600 கையில் வரும். அதை எப்படிப் பிரிப்பது என்று பிப்ரவரியிலேயே எழுதிவையுங்கள். பாதி கடனுக்கு, கால் அவசரகாலப் பணத்துக்கு, கால் ஜாலிக்கு என்று. டிசம்பரில் பணத்தைப் பார்த்தபிறகு பேசினால் முஸ்தபா கடைக்குள் நுழைந்துவிட்டுத் திட்டம் போட்ட கதைதான். கடனை முன்கூட்டிக் கட்டினால் வங்கி கட்டணம் ஏதும் வாங்குமா என்று ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மசேநிதி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் பட்டியலில் அதைச் சேமிப்போடு கலந்து எழுதியிருக்கிறீர்கள். கலக்காதீர்கள். உங்கள் வயதில் முதலாளி பங்கையும் சேர்த்துச் சம்பளத்தில் 37 விழுக்காடு உள்ளே போகிறது, உங்கள் இருவருக்கும் மாதம் 3,515 வெள்ளி. சாதாரணக் கணக்குக்கு 2,185, ஓய்வுக்காலத்துக்கான சிறப்புக் கணக்குக்கு 570, மருத்துவச் செலவுக்கான மெடிசேவுக்கு 760. பெரிய பணம்தான். ஆனால் குளிர்சாதனப் பெட்டி கெட்டால் அதிலிருந்து ஒரு காசு எடுக்கமுடியாது. கைப்பணம் ஒரு பக்கம், மசேநிதி மறுபக்கம் என்று எழுதினால்தான் உண்மை தெரியும். இல்லாவிட்டால் “நாம் நன்றாகத்தானே சேமிக்கிறோம்” என்ற நினைப்பில் கையில் ரொக்கமே இல்லாமல் இருப்பீர்கள். அப்படி ஓரிரு வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டுத் தவணை, 25 வருடக் கடன் என்று எடுத்தால் 2.6 விழுக்காட்டில் மாதம் சுமார் 1,361 வரும். சாதாரணக் கணக்கிலிருந்து அதைக் கட்டினபிறகும் 824 அங்கே சேரும். அதை அப்படியே விட்டுவையுங்கள். உங்களில் ஒருவருக்கு வேலை போனால் வீட்டுத் தவணையைக் கட்டப்போவது அந்தப் பணம்தான். 16,300 வெள்ளி சேர்ந்தால் ஒரு வருடத் தவணைக்குக் காப்பு. கூடுதல் வட்டி வரும் என்று அதைச் சிறப்புக் கணக்குக்கு மாற்றச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். 2.5 விழுக்காட்டுக்குப் பதில் 4 என்பது உண்மைதான், ஆனால் மாற்றினால் திரும்ப எடுக்க வழியில்லை. உங்கள் நிலையில் நான் மாற்றமாட்டேன்.

வரிச் சலுகைக்காக ரொக்கமாக மசேநிதியை நிரப்புவதும் அப்படித்தான். வருடத்துக்கு 8,000 வரை நிவாரணம் உண்டு. ஆனால் உங்கள் வரி விகிதம் 7 விழுக்காடு, 8,000 போட்டால் உங்களுக்கு மிச்சம் 560 வெள்ளி. மனைவி போட்டால் 410 சொச்சம்தான், பாதிப் பணம் 3.5 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். அவசரகாலப் பணம் இல்லாத வீட்டில் இதற்காக 8,000 வெள்ளியைப் பூட்டிவைப்பது சரியில்லை. சம்பளம் ஏறி 11.5 விழுக்காட்டுக்குப் போகும்போது இந்தப் பேச்சை மறுபடி எடுங்கள்.

இப்போது சண்டைக்கு வருகிறேன். நகையை இலக்காக எழுதுவதில் எந்தத் தப்பும் இல்லை. உங்கள் எழுத்தில் அதைச் சற்று இளப்பமாகச் சொல்லியிருப்பதாக எனக்குப் பட்டது. ஆனால் எதற்காக வாங்குகிறோம் என்பதை அவரோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள். போட்டுக்கொள்ள என்றால் சிராங்கூன் ரோட்டில் 916 (22 காரட்) வாங்குங்கள், கூலியும் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் உண்டு, விற்கும்போது அந்த இரண்டும் திரும்பி வராது. அது துணிமணி மாதிரிச் செலவு, சந்தோஷத்துக்கான செலவு. சேமிப்பாக என்றால் முதலீட்டுத் தரத் தங்கக் கட்டிக்கு 2012 அக்டோபரிலிருந்து அந்த வரி இல்லை. என் மகளுக்கு நாங்கள் வாங்கும்போது இலக்கை வெள்ளியில் எழுதாமல் கிராமில் எழுதினோம். விலை ஏறினால் மனசு ஒடியாது, கிடைக்கிற பணத்துக்குக் கிராம் குறையும், அவ்வளவுதான்.

ஊருக்கு அனுப்பும் பணத்தில் என்னுடைய ஒரே விதி, அது இருவருக்கும் தெரிந்த தொகையாக, வருடத்துக்கு ஒருமுறை பேசி வைத்ததாக இருக்கவேண்டும். மாதம் 400 என்றால் 400. கூரை ஒழுகுகிறது, மாமா மகளுக்குக் கல்யாணம் என்று வரும் கூடுதல் கேட்புக்கு வருசச் செலவுக் கணக்கில் தனியாக ஒரு தொகை வையுங்கள், அது தீர்ந்துவிட்டால் “அடுத்த பிப்ரவரி பார்க்கலாம்” என்று சொல்லமுடியும். அதைத் தன் அம்மாவிடம் யார் சொல்வது? பிள்ளைதான். மருமகள் வாயிலிருந்து வந்தால் கதை வேறு. மனைவியின் அம்மாவுக்கும் இதே விதி.

ஊரில் என்ஆர்இ (வெளிநாடு வாழ் இந்தியருக்கான ரூபாய்க் கணக்கு) வைப்புத்தொகைக்கு வட்டி அதிகமே என்று உங்கள் அப்பா சொல்வதாக எழுதியிருந்தீர்கள். வட்டி அதிகம்தான். ஆனால் 2010 வாக்கில் ஒரு வெள்ளிக்கு 35 ரூபாய்க்குள் கிடைத்தது, பிறகு 60-ஐத் தாண்டிவிட்டது. நீங்கள் செலவழிக்கப்போவது வெள்ளியில் என்றால் வட்டியில் வந்தது மாற்று விகிதத்தில் கரையும். ஊரில் வீடு கட்டப்போகிறீர்கள் என்றால் அது வேறு கணக்கு.

யார் எவ்வளவு போடுவது என்பதில் சமபாதி வேண்டாம். சம்பள விகிதப்படி நீங்கள் 55, அவர் 45. சம்பளம் அவரவர் கணக்குக்கே வரட்டும், வந்த மறுநாள் பொதுக் கணக்குகளுக்குத் தானாக மாறும்படி நிரந்தர உத்தரவு கொடுத்துவிடுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சுவதை மாற்றுவோம் என்றால் மிஞ்சாது. அவசரகாலப் பணம் 5,000-ஐத் தாண்டிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரத்துக்கு மாற்றலாம். 500 வெள்ளியிலிருந்து வாங்கலாம், எந்த மாதமும் திருப்பிக் கேட்கலாம், அசல் குறையாது, ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் 2 வெள்ளி கட்டணம். பணம் கைக்கு வர அடுத்த மாதத் தொடக்கம் ஆகும், ஆகவே எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோகாதீர்கள்.

காப்புறுதியில் நான் அதிகம் நுழையவில்லை. மணிசென்ஸ் சொல்லும் அளவு, உயிரிழப்புக்கு ஆண்டு வருமானம் போல் ஒன்பது மடங்கு, கடும் நோய்க்கு நான்கு மடங்கு, சந்தா வருமானத்தில் 15 விழுக்காட்டைத் தாண்டவேண்டாம். சொந்தக்காரர் விற்கிறார் என்பதற்காக வாங்காதீர்கள். எங்களிடம் ஒரு சேமிப்புக் காப்புறுதி அப்படி வந்து, பாதியில் சரண் செய்தபோது கட்டின பணத்தில் கணிசமாகக் குறைந்துதான் திரும்ப வந்தது. அந்த உறவினர் இன்னும் தீபாவளிக்கு வீட்டுக்கு வருகிறார், முறுக்கு கொடுக்கிறேன்.

பின்தொடர்வது சுலபம், இந்த வேலை எல்லாம் முடிந்திருந்தால். செலவை எழுதாதீர்கள், இருப்பை எழுதுங்கள். மாதம் ஒரு நாள், ஒரே நாள், அரைமணி நேரம். நான்கு எண்: அவசரகாலக் கணக்கில் இருப்பு, வருசச் செலவுக் கணக்கில் இருப்பு, ரெனவேஷன் கடன் பாக்கி, முதலீடு அல்லது கிராம். பக்கத்தில் அந்த மாதம் எவ்வளவு இருந்திருக்கவேண்டும் என்ற எண். மே மாதம் அவசரகாலப் பணம் 4,000 இருக்கவேண்டும், 3,300 இருக்கிறது என்றால் அந்த 700 எங்கே போனது என்று மட்டும் பேசினால் போதும், கோப்பிக் கணக்கு தேவையில்லை. மசேநிதியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் தாராளம். அரசின் இணைய அடையாளமான சிங்பாஸ் வழியாக எஸ்ஜிஃபின்டெக்ஸ் என்ற நிதித் தகவல் சேவை 2020 கடைசியிலிருந்து இருக்கிறது. வங்கி, மசேநிதி, வீவக கடன் எல்லாம் ஒரே இடத்தில் தெரியும். ஆனால் அவரவர் கணக்கு அவரவருக்குத்தான் தெரியும், ஆகவே இரண்டு போனையும் மேசையில் வைத்துக்கொண்டு உட்காரவேண்டும். நாங்கள் சாப்பிட்டபிறகு உட்காருவோம். பசியோடு பணம் பேசக்கூடாது என்பதை அனுபவத்தில் கற்றோம்.

ஆகஸ்ட்டில் ஒருமுறை இலக்கையே மாற்றலாம். குழந்தை வரப்போகிறது, வேலை மாறுகிறது என்றால் தாளைக் கிழித்துப் புதிதாக எழுதுங்கள், வெட்கமில்லை. ஆனால் இருவரும் சேர்ந்து கிழியுங்கள். தோற்றுப்போன இலக்கைச் சத்தமில்லாமல் அழித்துவிடும் பழக்கம் எங்களிடம் இருந்தது, அதைவிட மற்றவருக்குக் கோபம் வரவழைப்பது வேறில்லை.

இன்னொன்று, காசே செலவாகாத இலக்கு. முதல் ஞாயிறன்றே முடித்துவிடுங்கள். கல்யாணத்துக்கு முன் உங்கள் மசேநிதிக்கு அம்மா பெயரை நியமித்திருந்தீர்களா? கல்யாணமான அன்றே அது செல்லாமல் போய்விட்டது. மசேநிதிப் பணம் உயிலுக்குள் வராது, நியமனம் இல்லையென்றால் பொது அறங்காவலரிடம் போய்ச் சட்டப்படி பிரிக்கப்படும். பிள்ளை இல்லாமல் மனைவியும் பெற்றோரும் இருந்தால் மனைவிக்குப் பாதி, பெற்றோருக்குப் பாதி. முஸ்லிம்களுக்குப் பங்கீட்டு முறை வேறு. அந்தப் பிரிப்பு உங்களுக்குச் சம்மதமாகவே இருக்கலாம், ஆனால் தெரிந்து சம்மதியுங்கள். இணையத்திலேயே புது நியமனம் செய்யலாம், இரண்டு சாட்சிகள் வேண்டும்.

செயலி கேட்டிருந்தீர்கள். எங்களுடையது தேக்காவில் வாங்கிய நாற்பது பக்க நோட்டு, ஒரு வருடத்துக்கு இரண்டு பக்கம். எக்செல் வேண்டுமானால் எக்செல்லிலேயே செய்யுங்கள், ஆனால் அந்த நான்கு எண்ணை இந்த மாதம் நீங்கள் எழுதினால் அடுத்த மாதம் அவர் எழுதட்டும். இப்போது அந்தக் கோப்பு யாருடைய மடிக்கணினியில் இருக்கிறது? உங்களுடையதில்தானே?